காவிரி மணலில் பாடம் படித்த ஆர்தர் காட்டன்

நெகிரி செம்பிலானில், பகாவ் வட்டாரத் தோட்டம் ஒன்றில் வளர்ந்தேன். பெருமழை பெய்த மறுநாள் எங்கள் லயத்து வீடுகளுக்குப் பின்னால் ஓடும் ஓடையைப் பார்க்கப் போவோம். தண்ணீர் தேநீர் நிறத்தில் ஓடும். ஒரு கரை அரித்துப் போயிருக்கும். எதிர்க் கரையில் புதிதாக ஒரு மணல் திட்டு தோன்றியிருக்கும். ரப்பர் மரங்களுக்கு இடையே, சரிவில் குழி வெட்டி வைத்திருப்பார்கள். மழைநீரோடு ஓடும் மேல்மண் அந்தக் குழியில் தங்கிவிடும். ஆறு என்பது நீரும் மண்ணும் சேர்ந்த ஓட்டம் என்று பல்கலைக்கழகத்தில் படித்தபோது, அந்த ஓடைதான் நினைவுக்கு வந்தது.

இதே பாடத்தைக் காவிரிக் கரையில் கற்றவர் சர் ஆர்தர் காட்டன். 1803ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறியாளர் படையில் சேர்ந்து, 1821ஆம் ஆண்டு தம் பதினெட்டாவது வயதில் சென்னைக்கு வந்தார். சில ஆண்டுகளில் காவிரியை ஆராயும் பொறுப்பு அவரிடம் வந்தது.

அப்போது தஞ்சைப் பகுதி பெரும் சிக்கலில் இருந்தது. கங்கையின் பிறப்பிடத்தில் பனியாறுகள் பாறைகளை அரைத்துப் பள்ளத்தாக்குகளைக் குடைகின்றன. பனி உருகி ஆற்றுக்கு நீரும் வண்டலும் தருகிறது. காவிரிக்குப் பனி கிடையாது. நம் மலேசிய ஆறுகளைப் போல அதுவும் மழையை நம்பிய ஆறு. திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் அது இரண்டாகப் பிரிகிறது. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி, நடுவே திருவரங்கம். கொள்ளிடத்தின் வழி நேரானது, சரிவும் அதிகம். ஆகவே வெள்ளம் அந்தப் பக்கமே இழுபட்டது. காவிரியில் ஓட்டம் தளர்ந்தது; தளர்ந்த நீர் சுமந்து வந்த மணலை இறக்கிவிட்டது; படுகை உயர்ந்தது; உயர உயர நீர்வரத்து மேலும் குறைந்தது. வயல்கள் காயத் தொடங்கின.

சிறிய உயர வேறுபாடு எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு எங்கள் ஜெம்போல் மாவட்டமே சாட்சி. அங்கே பெனாரிக்கான் என்ற இடத்தில் ஜெம்போல் ஆறும் செர்த்திங் ஆறும் மிக அருகில் வருகின்றன. முற்காலத்தில் வணிகர்கள் படகுகளைத் தரையில் இழுத்தே ஓர் ஆற்றிலிருந்து மற்றதற்குப் போனார்கள். ஆனால் ஒரு பக்கம் விழும் மழை மூவார் ஆற்றில் சேர்ந்து மலாக்கா நீரிணைக்குப் போகிறது. மறுபக்கம் விழுவது பகாங் ஆற்றின் வழியே தென்சீனக் கடலுக்குப் போகிறது.

காட்டன் தீர்வைத் தேடியபோது, சோழர் காலக் கல்லணையைக் கூர்ந்து கவனித்தார். அடியில் பாறை இல்லாத ஆழ்ந்த மணலில், கற்களை அமிழ விட்டு, அவற்றின் மேல் கற்களை அடுக்கி அணை கட்டும் முறையை அதிலிருந்து தெரிந்துகொண்டார். அதைத் தமிழரிடம் கற்றதாக அவரே வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். 1836ஆம் ஆண்டு முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை வேலை தொடங்கியது. கீழே அணைக்கரையில் கீழணை எழுந்தது. காவிரிக்கு மீண்டும் நீர் வந்தது. ஆனால் ஆறு சும்மா இருக்கவில்லை. இப்போது காவிரிப் பக்கம் அளவுக்கு மிஞ்சிய நீர் பாய்ந்து படுகையை அரித்தது. அணையைத் திருத்தி, இரு கிளைகளுக்கும் நீரைச் சமப்படுத்த வேண்டியதாயிற்று.

பிறகு கோதாவரி. 1847 முதல் 1852 வரை தவளேஸ்வரத்தில், ஆற்றின் நடுவே இருந்த தீவுகளை இணைத்து நான்கு பகுதிகளாக அணை கட்டினார். இன்றும் ஆந்திர விவசாயிகள் அவருக்குச் சிலை வைத்து மாலை போடுகிறார்கள்.

ரயில் பாதைகளைவிடக் கால்வாய்களே இந்தியாவின் முதல் தேவை என்று அவர் ஓயாமல் வாதாடினார். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைக் கொடும் பஞ்சம் வாட்டியது. 1878ஆம் ஆண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் சொன்னார். அவர்களை இணங்க வைக்க முடியவில்லை. 1899ஆம் ஆண்டு, 96 வயதில் காலமானார்.

பஞ்சத்துக்குத் தப்பிக் கப்பல் ஏறியவர்களில் பலர் மலாயாத் தோட்டங்களுக்கும் வந்தார்கள். ஆனால் என் பாட்டியின் முன்னோர் வந்தது தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து. காட்டன் நீர் கொண்டுவந்த ஊரை விட்டு ஏன் வந்தார்கள் என்று நெடுநாள் யோசித்திருக்கிறேன். வயலில் நீர் இருந்தது, வயல் மிராசுதாரர்களுடையது. உழுதவர்களுக்குக் கூலிதான். அணை கட்டிய பொறியாளரால் அதை மாற்ற முடியவில்லை.

அடுத்த மழைக்குப் பிறகு உங்கள் வீட்டருகே உள்ள ஓடையை ஒருமுறை போய்ப் பாருங்கள், தம்பி தங்கைகளே. பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போங்கள். எந்தக் கரை அரிக்கிறது, மண் எங்கே படிகிறது என்று ஒரு நோட்டில் வரைந்து வையுங்கள். காட்டனும் ஆற்றைப் பார்த்துத்தான் தொடங்கினார்.