தோள் கொடுத்த தோழர்கள்

அடிமை வியாபாரத்தை ஒழித்தவர் வில்லியம் வில்பர்போர்ஸ் என்று சரித்திரப் பாடத்தில் படித்திருப்போம். இரண்டு மார்க் கேள்வி, ஒரு வரி விடை, அதோடு சரி. அந்த மனிதர் நல்வழியில் நடக்கத் துணிந்தபோது பக்கத்தில் நின்றவர்கள் யார் யார்? அதைத்தான் இந்த மலரின் வாசகர்களோடு, குறிப்பாக இப்போது படிக்கும் தம்பி தங்கைகளோடு, பகிர்ந்துகொள்ள ஆசை.

1759-ல் இங்கிலாந்தின் ஹல் நகரில் வசதியான வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். 1776-ல் கேம்பிரிட்ஜ் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். படிப்பு சுமார்தான். விருந்து, சீட்டு, ராத்திரி முழுக்க அரட்டை. (கல்லூரி என்றால் எல்லா ஊரிலும் அப்படித்தான் போலிருக்கிறது!) 21 வயதில் பார்லிமெண்ட் உறுப்பினர் ஆகிவிட்டார். கேம்பிரிட்ஜில் அறிமுகமாகி, லண்டனில் உயிர்த் தோழரான வில்லியம் பிட், 24 வயதிலேயே பிரதம மந்திரி.

1784, 85-ல் ஐரோப்பாவுக்குச் சுற்றுப்பயணம் போனபோது கேம்பிரிட்ஜ் ஆசிரியரான ஐசக் மில்னரைத் துணைக்கு அழைத்துப் போனார். மில்னர் நல்ல தமாஷ் பேர்வழி. உபதேசம் செய்து அறுக்கவில்லை. வண்டியில் போகும்போது இருவருமாக ஒரு பக்தி நூலையும், பிறகு கிரேக்க மொழியில் புதிய ஏற்பாட்டையும் வாசித்தார்கள். அவ்வளவுதான். திரும்பி வந்தவர் பழைய வில்பர்போர்ஸ் இல்லை. மனம் திரும்பிய பிறகு அரசியல் எதற்கு, எல்லாவற்றையும் உதறிவிடலாமா என்று ஒரே போராட்டம்.

1785 டிசம்பரில் ஜான் நியூட்டன் என்ற போதகரைத் தேடிப் போனார். யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயந்து, தெருவை இரண்டு முறை சுற்றி வந்த பிறகே கதவைத் தட்டினாராம். நியூட்டன் ஒரு காலத்தில் அடிமைக் கப்பலின் கேப்டனாக இருந்து மனந்திரும்பியவர். பெரிய இடத்துப் பிள்ளை வந்து மாட்டிக்கொண்டான் என்று தன் சபைக்கு இழுத்துக்கொள்ளவில்லை. பார்லிமெண்டிலேயே இரு, பழைய சிநேகிதர்களை அவசரப்பட்டு விட்டுவிடாதே என்றுதான் புத்தி சொன்னார். இந்த ஒரு ஆலோசனை தவறியிருந்தால் சரித்திரமே வேறு மாதிரி போயிருக்கும் என்பது என் எண்ணம். நம் ஹாஸ்டலில் ஒரு பையன் திருந்தி நடக்கப் பார்த்தால் நாம் என்ன செய்தோம்? சாமியார் என்று பட்டப்பெயர் வைத்தோம். இல்லையென்றால் எப்போது சறுக்குவான் என்று காத்திருந்தோம்.

பிட்டுக்கு நண்பரின் பக்தி அவ்வளவாகப் புரியவில்லை. ஆனாலும் வீடு தேடி வந்து இரண்டு மணி நேரம் பேசினார். 1788-ல் வில்பர்போர்ஸ் நோயில் படுத்தபோது, அடிமை வியாபாரம் பற்றிய தீர்மானத்தை அவர் சார்பில் பிட்டே கொண்டுவந்தார்.

மசோதா 1791-ல் தோற்றது: ஆதரவு 88, எதிர்ப்பு 163. அதே வருடம், சாவதற்குச் சில நாட்கள் முன்பு, ஜான் வெஸ்லி படுக்கையிலிருந்து அவருக்குத் தைரியமூட்டிக் கடிதம் எழுதினார். 1796-ல் நாலே ஓட்டில் தோல்வி. ஆதரிக்க வேண்டிய சிலர் நாடகக் கொட்டகையில் இசை நாடகம் பார்த்துக்கொண்டிருந்தார்களாம்! நல்ல காரியத்துக்கு எதிரிகளைவிட இப்படிப்பட்ட நண்பர்களே ஆபத்து.

சோர்ந்து போகாமல் அவரைப் பிடித்து நிறுத்தியது கிளாப்பம் நண்பர் வட்டம். ஹென்றி தார்ன்டன் என்ற பேங்கர் தம் வீட்டிலேயே அவருக்கு இடம் கொடுத்தார். கல்யாணத்துக்கு முன் வருமானத்தில் ஏழில் ஆறு பங்கைத் தானம் செய்தவர் அவர். ஜமைக்கா தோட்டத்தில் வேலை பார்த்து அடிமைகளின் துன்பத்தைக் கண்ணால் கண்ட சக்கரி மெக்காலே புள்ளிவிவரங்களைத் திரட்டிக் கொடுத்தார். வக்கீல் ஜேம்ஸ் ஸ்டீபன் வேறு ரகம். பிட்டை முகம் பார்த்துக்கொண்டு மௌனமாக இருக்கிறீர்களே என்று வில்பர்போர்ஸை நேரடியாகவே கண்டித்தார். கண்டித்தவரே 1800-ல் அவருடைய சகோதரியை மணந்து மச்சானும் ஆனார்! 1806-ல் அந்நியக் குடியேற்றங்களுக்கு அடிமைகளை ஏற்றிச் செல்வதைத் தடுத்த சட்டத்தின் பின்னால் இருந்த மூளை ஸ்டீபனுடையது.

ஒன்றை மறைக்கக் கூடாது. 1799-ல் இங்கிலாந்துத் தொழிலாளர்கள் கூடிச் சங்கம் அமைப்பதைத் தடை செய்த சட்டத்தை வில்பர்போர்ஸ் ஆதரித்தார். அந்த விஷயத்தில் அவரைத் திருத்த கிளாப்பத்தில் ஆள் இல்லை. எல்லாரும் ஒரே வர்க்கம். ஒருவர் பார்க்காததை மற்றவரும் பார்க்கவில்லை.

1807 பிப்ரவரி 23 இரவு 283-க்கு 16 என்ற கணக்கில் மசோதா நிறைவேறியது. சபை எழுந்து ஆரவாரிக்க, அவர் உட்கார்ந்து அழுதாராம். பிட் அதற்கு முந்தின வருடமே இறந்துவிட்டார். கிழவர் நியூட்டன் மட்டும் அதைக் கேட்டுவிட்டு, அந்த டிசம்பரில் கண் மூடினார்.

ஏற்கெனவே அடிமைகளாக இருந்தவர்களின் விடுதலைக்கு இன்னும் 26 வருடம் ஆயிற்று. அந்த மசோதா நிறைவேறுவது உறுதியாகிவிட்ட செய்தி 1833 ஜூலை 26-ல் வில்பர்போர்ஸின் படுக்கைக்கு வந்தது. 29-ல் உயிர் பிரிந்தது. வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில், பிட்டின் கல்லறைக்குப் பக்கத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.