குந்தவைக்கு முகம் தந்தவர்

திண்டிவனத்தை அடுத்த தாதாபுரத்தில் குந்தவைப் பிராட்டி கட்டிய கோவில் இருக்கிறது. ராஜராஜ சோழனின் அக்காள் அவர். கல்வெட்டில் பெயர் இருக்கிறது. முகம் எப்படி இருந்ததோ, யாருக்குத் தெரியும்?

அந்த முகத்தை வரைந்து காட்டியவர் ஓவியர் மணியம்.

பிறந்தது 1924-ல். சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, "கல்கி" பத்திரிகையில் சேர்ந்தார். 1950-ல் "பொன்னியின் செல்வன்" தொடங்கியது. வாரந்தோறும் படம் வேண்டும்! நாடக ராணியைப் போல வரைந்து தள்ளியிருக்கலாம். மணியம் அதற்கு இசையவில்லை. ஆசிரியர் கல்கியோடு இலங்கை வரை போய் வந்தார். கொண்டை, காதணி, ஆடை மடிப்பு எல்லாவற்றுக்கும் பழைய சிற்பங்களையே பார்த்தார். குந்தவைக்கு ஒரு கொண்டை, நந்தினிக்கு வேறு கொண்டை. பெயர் போடாமலே ஆள் தெரிந்துவிடும்! எழுத்துக் கூட்டிப் படித்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி!

1954-ல் கதை முடிந்தது. 1968-ல் மணியம் காலமானார். வயது 44 தான். மகன் மணியம் செல்வனும் தூரிகை பிடித்தார்.