கிறிஸ்டியன் டியோர்

கிறிஸ்டியன் டியோர் (ஜனவரி 21, 1905 – அக்டோபர் 24, 1957) பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த ஆடை வடிவமைப்பாளர் ஆவார். தம் பெயரால் அமைந்த ஆடை நிறுவனத்தையும் நறுமண நிறுவனத்தையும் தோற்றுவித்தவர். 1947ஆம் ஆண்டு இவர் வெளியிட்ட முதல் ஆடைத் தொகுப்பு, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பெண்களின் உடை வடிவத்தையே மாற்றியமைத்தது. தம் பெயரில் நிறுவனம் நடத்தியது பத்தாண்டுகளே எனினும், இருபதாம் நூற்றாண்டின் செல்வாக்கு மிக்க ஆடைக் கலைஞர்களுள் ஒருவராக இவர் கருதப்படுகிறார்.

இளமைக்காலம்

டியோர் நார்மண்டிப் பகுதியிலுள்ள கிரான்வில் என்னும் கடற்கரை நகரில் பிறந்தார். தந்தை மொரிஸ் டியோர் உர உற்பத்தியாளர், தாயார் மதலேன். ஐந்து குழந்தைகளுள் இவர் இரண்டாமவர். கடலை நோக்கிய குன்றின் மீது அமைந்த இவர்களது இல்லத்தில் தாயார் பெரியதொரு தோட்டத்தை வளர்த்து வந்தார். விதை வணிகர்களின் விலைப்பட்டியல்களைப் படித்துப் பூக்களின் பெயர்களைச் சிறுவயதிலேயே டியோர் மனப்பாடம் செய்திருந்தார். அவ்வில்லத்தின் இளஞ்சிவப்பும் சாம்பல் நிறமும் பிற்காலத்தில் அவருக்கு விருப்பமான நிறங்களாயின.

டியோர் அரசதந்திரியாக வேண்டும் என்பது பெற்றோரின் விருப்பம். அதன்படி 1923 முதல் 1926 வரை பாரிஸில் அரசியல் அறிவியல் பயின்றார். ஆயினும் அவரது நாட்டம் ஓவியத்திலும் இசையிலுமே இருந்தது. 1928இல் தந்தையின் பண உதவியுடன் நண்பர் ஒருவரோடு சேர்ந்து ஓவியக் கூடம் தொடங்கினார். குடும்பப் பெயர் கடையின் பெயர்ப்பலகையில் இடம்பெறக் கூடாது என்பது பெற்றோர் விதித்த நிபந்தனை.

1931ஆம் ஆண்டு தாயார் மறைந்தார். அதே காலத்தில் பொருளாதாரப் பெருமந்தத்தால் தந்தையின் தொழிலும் வீழ்ந்தது. ஓவியக் கூடமும் நிலைக்கவில்லை. 1934இல் டியோர் காசநோயால் பாதிக்கப்பட்டார். நோயிலிருந்து மீண்ட பின்னர், தொப்பிகளுக்கும் ஆடைகளுக்கும் வரைபடங்கள் வரைந்து விற்றுப் பிழைப்பு நடத்தினார். 1938இல் ரொபேர் பிகே என்ற வடிவமைப்பாளரிடம் பணியில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 33.

போர்க்காலம்

போர் மூண்டதும் டியோர் படைப்பணிக்கு அழைக்கப்பட்டார். 1940இல் பிரான்ஸ் வீழ்ந்தபின் தெற்கு பிரான்ஸிலுள்ள கல்லியான் என்னும் சிற்றூரில், தந்தையுடனும் தங்கை கத்தரீனுடனும் காய்கறி பயிரிட்டு வாழ்ந்தார். 1941இல் பாரிஸ் திரும்பி லூசியன் லெலோங் நிறுவனத்தில் வடிவமைப்பாளரானார்.

செருமானியரின் பிடியிலிருந்த பாரிஸில் ஆடை நிறுவனங்கள் தொடர்ந்து இயங்கின. பாரிஸின் ஆடைத் தொழிலைப் பெர்லினுக்கு மாற்றும் முயற்சியை லெலோங் எதிர்த்துத் தடுத்தார். எனினும், செருமானிய அதிகாரிகளின் மனைவியரும் அவர்களோடு ஒத்துழைத்த செல்வந்தர்களும் இந்நிறுவனங்களின் வாடிக்கையாளர்களாக இருந்தனர். டியோர் வடிவமைத்த ஆடைகளும் அவர்களைச் சென்றடைந்தன.

அதே வேளையில் கத்தரீன் செருமானியருக்கு எதிரான தலைமறைவு இயக்கத்தில் சேர்ந்து உளவுத் தகவல்களைச் சேகரித்து வந்தார். பாரிஸில் அண்ணனின் வீட்டிலேயே அவர் தங்கிச் செயல்பட்டார். 1944 ஜூலையில் கைதாகிக் கடும் சித்திரவதைக்கு உள்ளானபோதும் தோழர்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. பாரிஸ் விடுதலை பெறச் சில நாட்களே இருந்த நிலையில், ஆகஸ்டு மாதம் அவர் ராவன்ஸ்புரூக் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார். அவரை மீட்க டியோர் எடுத்த முயற்சிகள் பலிக்கவில்லை. 1945 மே மாதம் கத்தரீன் உடல் நலிந்த நிலையில் பாரிஸ் திரும்பினார்.

நிறுவனத்தின் தோற்றம்

பருத்தித் துணி உற்பத்தியில் பெரும் செல்வந்தரான மார்செல் பூசாக், நலிவுற்றிருந்த பழைய ஆடை நிறுவனம் ஒன்றைச் சீரமைக்குமாறு டியோரிடம் கேட்டார். டியோர் அதை மறுத்து, தம் பெயரில் புதிய நிறுவனம் தொடங்கலாம் என்று கூறினார். சகுனங்களிலும் சோதிடத்திலும் ஆழ்ந்த நம்பிக்கை கொண்டிருந்த டியோர், அந்நாட்களில் தெருவில் காலில் தட்டுப்பட்ட விண்மீன் வடிவ உலோகத் துண்டை நற்சகுனமாக எடுத்துக்கொண்டார். 1946 டிசம்பரில் பாரிஸின் மொந்தேன் சாலை 30ஆம் எண் கட்டடத்தில் நிறுவனம் செயல்படத் தொடங்கியது.

புதிய தோற்றம்

பிப்ரவரி 12, 1947 அன்று முதல் தொகுப்பு காட்சிக்கு வைக்கப்பட்டது. போர்க்கால ஆடைகள் துணிப் பற்றாக்குறையால் குட்டையாகவும், அகன்ற தோள்களுடனும் இருந்தன. டியோரின் ஆடைகளோ வளைந்த தோள்களும், ஒடுங்கிய இடையும், கணுக்காலை நெருங்கும் அகன்ற பாவாடையும் கொண்டிருந்தன. அமெரிக்க இதழாசிரியர் கார்மெல் ஸ்னோ இட்ட பெயரால் இத்தொகுப்பு புதிய தோற்றம் என அழைக்கப்படலாயிற்று.

இவ்வடிவத்துக்கு எதிர்ப்பும் எழுந்தது. உணவும் துணியும் பங்கீட்டு அட்டையில் கிடைத்த காலத்தில், ஓர் ஆடைக்கே பல மீட்டர் துணி செலவிடப்பட்டது. பாரிஸின் சந்தைத் தெரு ஒன்றில் இவ்வாடைகளுடன் படம் எடுக்க வந்த பெண்களை அப்பகுதிப் பெண்கள் தாக்கி ஆடைகளைக் கிழித்தனர். பிரித்தானிய அரசும் நீண்ட பாவாடைகளைத் துணி விரயம் எனக் கருதியது. அமெரிக்காவில் கால்களை மறைக்கும் பாவாடைகளுக்கு எதிராகப் பெண்கள் சங்கம் அமைத்தனர். எதிர்ப்புகளையும் மீறி இவ்வடிவம் சில ஆண்டுகளில் பல நாடுகளில் பரவியது. துணி உற்பத்தியாளரான பூசாக்கின் தொழிலுக்கு இது உகந்ததாக இருந்தது என்பதும் சுட்டிக்காட்டப்படுகிறது.

நறுமணங்கள்

நறுமணம் இன்றி ஆடை நிறைவு பெறாது என்பது டியோரின் கருத்து. 1947இல் கிரான்வில் கால நண்பரான செர்ஜ் எஃப்த்லெர்-லூயிஷுடன் இணைந்து தனி நறுமண நிறுவனத்தை அமைத்தார். அதன் முதல் வெளியீடான மிஸ் டியோர் கத்தரீனின் நினைவாகப் பெயரிடப்பட்டது. பால் வாஷே உருவாக்கிய இந்நறுமணம், கல்பானம் என்னும் பிசினின் பசுமை மணத்தையும், ஓக் மரப்பட்டையில் வளரும் கல்பாசி போன்ற ஒரு லைக்கனின் மண்வாசனையையும் கொண்டது.

டியோருக்கு மிகவும் பிடித்தது பள்ளத்தாக்கு லில்லி எனப்படும் சிறு வெண்ணிற மலர். அதை நற்சகுனமாகக் கருதி ஆடைகளின் விளிம்பினுள் வைத்துத் தைக்கச் செய்தார். ரோஜா, மல்லிகை போன்றவற்றிலிருந்து நறுமண எண்ணெய் எடுப்பது போல இம்மலரிலிருந்து எடுக்க இயலாது. வேறு பொருட்களைக் கலந்தே இதன் மணத்தை உருவாக்க வேண்டும். எட்மண்ட் ரூட்னிட்ஸ்கா தம் தோட்டத்தில் இச்செடியை வளர்த்து, அதன் மணத்தை ஆராய்ந்து, 1956இல் டியோரிசிமோ என்ற நறுமணத்தை உருவாக்கினார். நறுமணக் கலையின் சிறந்த படைப்புகளுள் ஒன்றாக இது மதிக்கப்படுகிறது. டியோரின் மறைவுக்குப்பின் 1966இல் வெளியான ஓ சவாஜ் என்னும் ஆண்களுக்கான நறுமணமும் ரூட்னிட்ஸ்காவின் படைப்பே.

வணிக முறை

பெயரைப் பயன்படுத்தும் உரிமத்தை வழங்கி, விற்பனையில் ஒரு பங்கைப் பெறும் முறையை டியோர் நிறுவனம் விரிவாகக் கையாண்டது. காலுறை, கழுத்துப்பட்டை முதலியன இவ்வாறு டியோர் பெயரில் விற்கப்பட்டன. இது உயர்தர ஆடைக்கலையின் மதிப்பைக் குறைப்பதாகச் சக நிறுவனத்தினர் குறைகூறினர். பின்னர் அவர்களுள் பலரும் இதே வழியைப் பின்பற்றினர்.

மறைவும் அதற்குப் பின்னும்

அக்டோபர் 24, 1957 அன்று இத்தாலியின் மொந்தேகத்தினி நகரில் மாரடைப்பால் டியோர் காலமானார். அப்போது அவருக்கு வயது 52. அவரது உடல் கல்லியானில் அடக்கம் செய்யப்பட்டது. 1955 முதல் அவரிடம் பணியாற்றிய இவ் சான் லோரான், 21ஆம் வயதில் நிறுவனத்தின் தலைமை வடிவமைப்பாளரானார்.

பூசாக்கின் தொழிற்குழுமம் நொடித்த பின்னர், 1984இல் பெர்னார் அர்னோ அதை வாங்கினார். நறுமணப் பிரிவு அதற்கு முன்னரே வேறு கைகளுக்குச் சென்றிருந்தது. 2017இல் ஆடைப் பிரிவும் நறுமணப் பிரிவும் மீண்டும் ஒரே குழுமத்தின் கீழ் வந்தன.

கத்தரீன் போருக்குப் பின் மலர் வணிகத்தில் ஈடுபட்டார். பின்னர் கல்லியானில் ரோஜாவும் மல்லிகையும் பயிரிட்டு வாழ்ந்து 2008இல் காலமானார். கிரான்வில்லிலுள்ள டியோர் குடும்ப இல்லம் 1997 முதல் அருங்காட்சியகமாக உள்ளது. அதன் தோட்டத்தைப் பொதுமக்கள் பார்வையிடலாம்.