கலைத்தந்தை கருமுத்து தியாகராசர்

1893-ஆம் ஆண்டு சிவகங்கைச் சீமையில் வணிகர் குடியில் தோன்றிய கருமுத்து தியாகராசர், கொழும்பில் கல்வி பயின்றார். தேயிலைத் தோட்டங்களில் அல்லலுற்ற தமிழ்த் தொழிலாளர்க்காக அங்கே பாடுபட்டார். பின்னர் மதுரையில் மீனாட்சி ஆலையை நிறுவினார்.

ஆலை நடத்தப் பருத்தியும் முதலும் மட்டும் போதா. பொறியின் இயல்பறிந்தோர் வேண்டும். அக்கல்வியை நாடிய மதுரை இளைஞர் ஊர்விட்டுச் செல்ல வேண்டியிருந்தது. எளிய குடும்பத்துப் பிள்ளைகட்கு அதுவும் எட்டாக்கனி. ஆலை கண்ட செல்வர் பலர். அதன் ஊதியத்தைக் கல்விக்கு ஈந்தோர் சிலரே. 1949-இல் கலைக்கல்லூரி கண்ட தியாகராசர், 1957-இல் திருப்பரங்குன்றத்தில் பொறியியற் கல்லூரியையும் தோற்றுவித்தார். சமண முனிவர்தம் கற்படுக்கைகளை இன்றும் தாங்கி நிற்கும் குன்றின் அயலிலே இயந்திரக் கல்வி எழுந்தது.

1974-இல் அவர் மறைந்தபோது, அங்குப் பயின்ற பொறியாளர் பல ஊர்களில் பணியாற்றிக்கொண்டிருந்தனர்.