முத்துலட்சுமி அம்மையார்

கீரமங்கலம் என்பது புதுக்கோட்டை மாவட்டத்து ஆலங்குடி வட்டத்தில் அமைந்த ஒரு பேரூர். மலர்த் தோட்டங்களும் தென்னந்தோப்புகளும் பலா மரங்களும் அதனைச் சூழ்ந்துள்ளன. ஐப்பசி மழை ஓய்ந்ததும் தோப்பில் சிதறிக் கிடக்கும் கொட்டாங்கச்சிகளிலும், முற்றத்துத் தொட்டிகளிலும் நீர் தேங்கும். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு நாடிவருவது இத்தகைய சிறு நீரையே. அது பாத்திரத்தின் உட்சுவரில், நீர்மட்டத்தை ஒட்டி முட்டையிடும். நீரைக் கொட்டிவிட்டால் முட்டை அழிந்துவிடும் எனக் கருதுதல் தவறு. வறண்ட சுவரில் ஒட்டியபடியே அது பல மாதம் உயிரோடிருக்கும். மீண்டும் நீர் பட்டதும் புழுவாக வெளிப்படும். ஆதலின் வாரம் ஒருமுறை தொட்டியின் உட்புறத்தை நன்கு தேய்த்துக் கழுவுதல் வேண்டும்.

தேய்த்துக் கழுவும் அவ்வேலை நெடுங்காலமாகப் பெண்கள் கையிலேயே இருந்து வந்துள்ளது. நாட்டு நலத்தை ஆராய்ந்து முடிவு செய்யும் அவையோ அவர்களுக்கு அடைபட்டிருந்தது. சென்னை மாகாணத்தில் அக்கதவைத் திறந்து உள்ளே சென்ற முதற் பெண்மணி, புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி ஆவார்.

அவர் 1886-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர் கல்விப் பணியாற்றியவர். தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். பெண்மக்கள் பருவமெய்தியதும் பள்ளியை விட்டு நிறுத்தப்பட்ட காலம் அது. முத்துலட்சுமியோ வீட்டிலிருந்தே பயின்று மெட்ரிகுலேஷன் தேர்வில் வென்றார். பின்னர் ஆடவர் மட்டுமே பயின்ற மகாராஜா கல்லூரியில் சேர விரும்பினார். ஒரு பெண் வந்தால் பையன்களின் ஒழுக்கம் கெடும் எனச் சிலர் எதிர்த்தனர். பையன்களின் ஒழுக்கம் அத்துணை மெலிதாயின், அதற்கு அப்பெண் என் செய்வாள்? மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் அனுமதி அளித்தார்.

1907-ஆம் ஆண்டில் அம்மையார் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் வளர்வதை ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் கண்டறிந்தது 1897-இல்தான். அதுவரை அக்காய்ச்சலுக்குச் சதுப்பு நிலத்தின் கெட்ட காற்றே காரணம் எனப் பலர் நம்பி வந்தனர். நோயைத் தடுக்க வேண்டுமாயின் வீட்டு நீரையும் சாக்கடையையும் கவனிக்க வேண்டும் என்ற அறிவு அப்போது புதியது. கொசுவை ஆராய்வது அம்மையாரின் துறையன்று. பெண்கள், குழந்தைகள் நலமே அவர் எடுத்துக்கொண்டது. எனினும் நோய் வந்தபின் மருந்து கொடுப்பதோடு மருத்துவரின் கடமை முடிவதில்லை என்பதை அவர் வாழ்க்கை காட்டுகிறது.

1912-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். 1925-இல் மேற்பயிற்சிக்காக இங்கிலாந்து சென்றார். திரும்பிய பின் இந்திய மாதர் சங்கத்தாரின் வேண்டுகோளை ஏற்றுச் சென்னைச் சட்டமன்றத்தில் உறுப்பினரானார். 1927-இல் அவ்வவை அவரைத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது.

நன்கு வளர்ந்துவந்த மருத்துவத் தொழிலை விட்டு அவைக்குச் செல்வதா என அவர் முதலில் தயங்கினார். தயக்கம் இயல்பே. மருத்துவமனையில் ஒரு நாளில் சில நூறு பேரைப் பார்க்கலாம். பள்ளிப் பிள்ளைகள் அனைவருக்கும் மருத்துவச் சோதனை நடத்த வேண்டுமாயின் அதற்கு அரசின் ஆணையும் பணமும் வேண்டும். அவ்விரண்டும் பிறந்த இடம் அவை. ஆங்கே அமர்ந்து அவர் பள்ளி மாணவர்க்கு மருத்துவச் சோதனையையும், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவமனையையும் வற்புறுத்தினார். கோயில்களுக்குச் சிறுமியரைப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கவும் போராடினார். அதனை முற்றிலும் தடுக்கும் சட்டம் 1947-இல் நிறைவேறியது. 1930-இல் காந்தியடிகள் கைதானபோது பதவியைத் துறந்தார். ஆதரவற்ற பெண்களுக்கு அவ்வை இல்லம் அமைத்தார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம் அவரை நெடுநாள் விடவில்லை. 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. 1956-இல் பத்ம பூஷண் விருது பெற்ற அவர், 1968-ஆம் ஆண்டு ஜூலை 22-ஆம் நாள் காலமானார்.

அம்மையார் நுழைந்த நாளில் அவ்வவையில் அவர் ஒருவரே பெண். தமிழ்நாட்டு உள்ளாட்சி இடங்களில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கும் சட்டம் 2016-இல் வந்தது. குப்பை எங்கே கொட்டப்பட வேண்டும், தேங்கிய சாக்கடை எப்போது தூர் வாரப்பட வேண்டும் என்பதைப் பெண் உறுப்பினர்கள் இன்று அவையில் எழுந்து கேட்கின்றனர். கீழே தெருவிலும் பெண்களே இருக்கின்றனர். மழைக்காலத்தில் பேரூராட்சிகளின் கொசு ஒழிப்புப் பணியில் பெண்கள் பலர் ஈடுபடுகின்றனர். அவர்களுள் பலர் நாட்கூலி பெறுபவர். வீட்டார் முகஞ்சுளித்தாலும் அவர்கள் கொல்லைப்புறம் வரை சென்று, தொட்டியின் மூடியைத் தூக்கி, கைவிளக்கின் ஒளியில் புழு நெளிகிறதா என்று பார்க்கின்றனர்.