தொரப்பள்ளிக்காரர் போட்ட கையெழுத்து

ரெண்டு நாட்டுத் தலைவர்கள் கைகுலுக்கி, சிவப்பு ஃபைலில் கையெழுத்துப் போட்டு, நம் நட்பு என்றென்றும் நிலைக்கும்னு அறிவிக்கிறதை நியூஸ்ல பார்த்திருப்பீங்க. உங்களுக்கு என்ன தோணும்? எனக்கு அது வெறும் சடங்குன்னுதான் தோணும். போட்டோ, பொன்னாடை, அவ்வளவுதான். நம்ம பக்கத்துக்காரர் ஒருத்தர் போட்ட கையெழுத்தைப் பற்றிப் படிச்ச பிறகு அந்த எண்ணம் கொஞ்சம் மாறியிருக்கு.

ராஜாஜியைத்தான் சொல்றேன். 1878 டிசம்பர் 10 அன்று, அன்றைய சேலம் மாவட்டத்தில் ஓசூர் பக்கம் இருந்த தொரப்பள்ளியில் பிறந்தவர். சேலத்தில் பேர் வாங்கிய வக்கீல். 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவர். காந்தியின் பின்னால் போனதும், நல்லா ஓடிக்கிட்டிருந்த வக்கீல் தொழிலையே விட்டுவிட்டார்.

1925-ல் இன்றைய நாமக்கல் மாவட்டத்தில், திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். அதைத் திறந்து வைத்தவர் யார் தெரியுமா? பெரியார்! அரசியலில் ரெண்டு பேரும் கடைசிவரை எதிரெதிர்தான். ஆனாலும் நட்பு விட்டுப்போகவில்லை. கதர் நூற்பும் மதுவிலக்குப் பிரசாரமும் அந்த ஆசிரமத்தின் வேலை. எல்லா சாதிக்காரரும் அங்கே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அந்தக் காலத்துக் கிராமத்தில் அது சின்ன விஷயமில்லை.

அவர் செய்தது எல்லாமே சரின்னு நான் சொல்ல வரல. 1937-ல் முதல்வரானதும் (அப்போ அந்தப் பதவிக்குப் பேர் பிரதமர்) சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு கொண்டுவந்தார். அதே ஆட்சியில்தான் பள்ளிகளில் கட்டாய இந்தியும் வந்தது. 1953-ல் அவர் கொண்டுவந்த கல்வித் திட்டத்தைத் தமிழ்நாடு இன்னும் மறக்கவில்லை.

இப்போ கையெழுத்துக் கதைக்கு வருவோம். 1948 ஜூனில் மவுண்ட்பேட்டன் கிளம்பியதும் ராஜாஜி இந்தியாவின் கவர்னர் ஜெனரல் ஆனார். அப்போது குடியரசுத் தலைவர் என்ற பதவியே கிடையாது. பெயரளவில் நாட்டின் தலைவர் பிரிட்டிஷ் மன்னர், இங்கே அவருடைய பிரதிநிதி இவர்தான். முடிவெடுப்பது நேருவின் அமைச்சரவை. முத்திரை வைப்பது இவர் வேலை.

பக்கத்தில் பூடான்னு ஒரு சின்ன நாடு. புதிய இந்தியா தன்னை விழுங்கிவிடுமோ என்ற பயம் அதற்கு இருந்திருந்தால் ஆச்சரியமில்லை. 1865-ல் பிரிட்டிஷ்காரர்கள் சண்டை போட்டு அதன் நிலத்தைப் பிடுங்கியிருந்தார்கள். அந்தச் சூழலில் 1949 ஆகஸ்ட் 8 அன்று டார்ஜிலிங்கில் இந்திய - பூடான் நட்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. செப்டம்பர் 15-ல் பூடான் மன்னர் ஒப்புதல் தந்தார். செப்டம்பர் 22-ல் டெல்லியில் ராஜாஜி கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தார்.

ஒப்பந்தத்தின் முதல் பிரிவு நிலையான அமைதியும் நட்பும் பற்றியது. வழக்கமான அலங்கார வாசகம்தானே என்று நினைப்பீங்க. கீழே படிச்சுப் பாருங்க. இந்தியா ஆண்டுதோறும் 5 லட்சம் ரூபாய் தரணும். பூடானின் உள்நாட்டு நிர்வாகத்தில் தலையிடக் கூடாது. தேவாங்கிரி பகுதியில் சுமார் 32 சதுர மைல் நிலத்தைத் திருப்பிக் கொடுக்கணும். பிடுங்கியவன் பிரிட்டிஷ்காரன், திருப்பிக் கொடுத்தது நாம்.

குறையும் இருந்தது. வெளியுறவில் இந்தியாவின் ஆலோசனைப்படி நடக்க பூடான் ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது. சரிசமமான நட்புன்னு அதைச் சொல்ல முடியாது. 2007-ல் புது ஒப்பந்தம் வந்த பிறகுதான் அந்த வரி போனது.

1950 ஜனவரி 26 அன்று இந்தியா குடியரசானது என்ற பிரகடனத்தை வாசித்ததும் ராஜாஜிதான். அதோடு அவருடைய பதவியும் முடிந்தது. கையில் முத்திரை இல்லாமல் போன பிறகும் அவர் சும்மா இருக்கவில்லை. 1962-ல், 83 வயதில், வாஷிங்டன் போய் கென்னடியைச் சந்தித்து அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்தச் சொன்னார். பாகிஸ்தானோடு பேசி காஷ்மீர்ப் பிரச்சினையைத் தீர்க்கணும்னு தொடர்ந்து எழுதினார். அதற்காகத் திட்டும் வாங்கினார். 1972 டிசம்பர் 25 அன்று காலமானார். சக்கர நாற்காலியில் வந்து அழுதார் பெரியார்.

EEE பசங்களுக்கு ஒரு தகவல். இந்தியா பணமும் தொழில்நுட்பமும் கொடுத்துப் பூடானில் கட்டிய சுக்கா நீர்மின் நிலையம் 336 மெகாவாட், டாலா 1,020 மெகாவாட். நம்ம மேட்டூர் அனல்மின் நிலையத்தின் முதல் நாலு யூனிட்டும் சேர்ந்தே 840தான். அங்கே மிஞ்சுகிற மின்சாரம் இந்தியாவுக்குத்தான் வருது.

நாம திருப்பிக் கொடுத்த அந்தத் தேவாங்கிரிக்கு இன்று பேர் தேவதாங். அங்கே இப்போ ஒரு இன்ஜினியரிங் காலேஜ் இருக்கு. நம்மளை மாதிரியே அங்கேயும் யாரோ ஒரு ஃபைனல் இயர் ஸ்டூடண்ட் இப்போ புராஜெக்ட் ரிப்போர்ட் எழுதிக்கிட்டிருப்பாங்க. அடுத்த முறை நியூஸ்ல தலைவர்கள் கைகுலுக்கினால் சேனலை மாத்தாதீங்க. யார் எதைக் கொடுத்தாங்கன்னு மட்டும் தேடிப் பாருங்க.