ஓட்டு மெஷினும் ஒரு ரோபோ நாயும்: சுஜாதாவை இப்போ ஏன் படிக்கணும்?

உத்திரமேரூர் போயிருக்கீங்களா? பஸ் ஸ்டாண்டு பக்கத்திலேயே வைகுண்டப் பெருமாள் கோயில் இருக்கு. அதன் மண்டபச் சுவர்களில் முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகளைப் பார்க்கலாம். கி.பி. 919, 921-ம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு ஆள் எடுப்பது எப்படி என்ற விதிகள் அதில் இருக்கின்றன. ஊரை 30 குடும்புகளாக, அதாவது வார்டுகளாகப் பிரித்தார்கள். தகுதியானவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டார்கள். விவரம் தெரியாத ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் திரும்ப வர முடியாது.

குடவோலை முறைன்னு ஸ்கூல்ல படிச்சிருப்பீங்க. அதுல கவனிக்க வேண்டிய ஆள் அந்தச் சின்னப் பையன்தான். ஏன் பெரியவங்க யாரும் எடுக்கக் கூடாது? ஏமாத்திடுவாங்களோங்கற சந்தேகம். விதி எழுதினவர் முதலில் யோசித்ததே, இதில் எப்படித் தில்லுமுல்லு பண்ணுவாங்க என்பதைத்தான்.

ஆயிரம் வருஷம் கழிச்சு அதே கேள்வியைக் கையில் எடுத்தார் ஒரு தமிழ் எழுத்தாளர். கதையிலும் கேட்டார், ஆபீஸ் வேலையிலும் கேட்டார். அவர்தான் சுஜாதா.

ரங்கராஜன் சுஜாதா ஆன கதை

1935 மே 3-ம் தேதி சென்னை திருவல்லிக்கேணியில் பிறந்தவர் எஸ்.ரங்கராஜன். வளர்ந்தது ஸ்ரீரங்கத்தில், பாட்டி வீட்டில். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பி.எஸ்ஸி இயற்பியல் முடித்து, குரோம்பேட்டை எம்.ஐ.டி-யில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தார். அப்துல் கலாமும் இதே ரெண்டு காலேஜில் படித்தவர்தான்.

மத்திய அரசின் விமானப் போக்குவரத்துத் துறையில் முதலில் வேலை. பிறகு பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம், அதாவது பி.இ.எல். பகலில் இன்ஜினீயர், மிச்ச நேரத்தில் எழுத்தாளர். அப்போ குமுதத்தில் ஏற்கெனவே ரா.கி.ரங்கராஜன் இருந்ததால், குழப்பம் வேண்டாம்னு மனைவி பெயரையே புனைபெயராக வைத்துக்கொண்டார். பல வாசகர்கள் எழுதுறது ஒரு பெண்ணுன்னே ரொம்ப நாள் நம்பிட்டு இருந்தாங்க.

பட்டன் அழுத்துற மெஷின்

இன்னிக்கு நீங்க ஓட்டுப் போடுற மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தைத் தயாரிக்கும் ரெண்டு அரசு நிறுவனங்களில் ஒன்று பி.இ.எல். அங்கே அதன் வடிவமைப்பு, தயாரிப்புப் பணிகளை மேற்பார்வை செய்தவர் ரங்கராஜன்.

இந்த மெஷின் சும்மா வந்துடல. 1982-ல் கேரளாவின் பறவூர் தொகுதியில், 50 வாக்குச்சாவடிகளில் முதன்முதலாகப் பயன்படுத்தினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போச்சு. சட்டத்தில் இடமில்லாமல் மெஷினில் ஓட்டு வாங்கியது செல்லாது என்று 1984-ல் தீர்ப்பு வந்தது. பிறகு 1988-ல் சட்டத்தையே திருத்தினார்கள். 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுக்க மெஷின்தான். 2004 மக்களவைத் தேர்தலில் நாடு முழுக்க.

அதுக்கப்புறமும் கேள்விகள் நிக்கல. அதனால்தான் 2013-ல் ஒப்புகைச் சீட்டு காட்டும் இயந்திரம் வந்தது. யாருக்குப் போட்டீங்கன்னு 7 விநாடி கண்ணாடி வழியே பார்க்கலாம். சந்தேகப்பட்டவங்க இருந்ததாலதான் அந்தக் கண்ணாடி வந்தது.

தேர்தலே இல்லாத நாடு

இப்போ கதைக்கு வருவோம். 1980-களில் ஆனந்த விகடனில் சுஜாதா எழுதிய தொடர் ‘என் இனிய இயந்திரா’. தூர்தர்ஷனில் சீரியலாகவும் வந்தது. கதை நடக்கும் காலம் 2020-களின் தொடக்கம். அதாவது நாம தாண்டி வந்துட்ட காலம்!

அந்த இந்தியாவை ஜீவா என்கிற ஒரே தலைவர் ஆள்கிறார். பெயர் ரெண்டு எழுத்தைத் தாண்டக் கூடாது. குழந்தை பெத்துக்க அரசாங்கம் அனுமதிக்கணும். நிலா என்கிற சாதாரணப் பெண்ணின் கணவன் சிபி காணாமல் போகிறான். அவள் தேட ஆரம்பிக்கிறாள். துணைக்கு வருவது ஜீனோ என்கிற ரோபோ நாய். கதையில் இருக்கிற மனிதர்களைவிட அதுக்கு மூளை ஜாஸ்தி, வாயும் ஜாஸ்தி.

யோசிச்சுப் பாருங்க. ஓட்டு மெஷினில் வேலை பார்த்த அதே காலகட்டத்தில், ஓட்டே இல்லாத ஒரு நாட்டையும் கற்பனை பண்ணியிருக்கார் மனுஷன். டெக்னாலஜி வளர்ந்தா ஜனநாயகம் தானா வளரும்னு அவர் நம்பிடல. ஜீவா யார், உண்மையில் என்ன என்பதுதான் நாவலின் பெரிய முடிச்சு. அதை இங்கே உடைக்க மாட்டேன். ஆனா டீப்ஃபேக் வீடியோ பார்த்துப் பழகின நமக்கு, அந்த இடம் அன்றைய வாசகர்களைவிட இன்னும் சுருக்குனு தைக்கும்.

குறையே இல்லையான்னா, இருக்கு. நிறைய இடங்களில் தற்செயல்கள் கதையை நகர்த்துது. நிலா பாதிக் கதை வரைக்கும் அடுத்தவங்க சொல்றதை நம்பிட்டே இருக்கா, படிக்கிற நமக்கு எரிச்சல் வரும். ஆனா அவ கேள்வி கேக்க ஆரம்பிக்கிற இடத்துக்காகவே பொறுத்துக்கலாம். தொடர்ச்சி வேணும்னா ‘மீண்டும் ஜீனோ’ இருக்கு.

பேயா, விஞ்ஞானமா?

உங்களுக்கு ஃபேன்டசி, அமானுஷ்யம்தான் பிடிக்குமா? ‘கொலையுதிர் காலம்’ எடுங்க. கணேஷ், வசந்த் ரெண்டு பேரும் வர்ற கதை. நடக்கிறதெல்லாம் பேயோட வேலையா, ஹாலோகிராம் வித்தையா என்று கடைசிவரை இழுபறி. விஞ்ஞானத்தை இவ்வளவு நேசிச்ச ஒருத்தர், பேய்க்கும் சமமான வாய்ப்பு குடுத்திருக்கார் பாருங்க, அதுதான் என்னைக் கேட்டா அவரோட நேர்மை.

நாவலுக்கு நேரமில்லைன்னா ‘திமலா’ சிறுகதை போதும். திருப்பதி தரிசனம் எதிர்காலத்தில் எப்படி இருக்கும்? ஒரே பஸ் பயணத்தில் முடிச்சிடலாம்.

சினிமாவில் 1986-ல் ‘விக்ரம்’, கடைசியாக ‘எந்திரன்’. 2008 பிப்ரவரி 27-ம் தேதி சென்னையில் காலமானார், வயது 72. ‘எந்திரன்’ 2010-ல் வந்தப்போ பார்க்க அவர் இல்லை.

ஆக, எதுக்குப் படிக்கணும்?

எதிர்காலத்தைச் சரியாகச் சொன்னார்னு பாராட்டறதுக்காக மட்டும் படிக்காதீங்க. சிலது பலிச்சது, சிலது பலிக்கல. ஒரு புது மெஷின் வந்ததும், இது யார் கையில் இருக்கு, யாருக்கு இதில் இடமில்லை என்று கேட்கும் பழக்கத்துக்காகப் படிங்க. உத்திரமேரூர் ஓலையில் பெயர் எழுத, சொந்த நிலமும் வேதப் படிப்பும் வேணும், 35 வயசாவது ஆகியிருக்கணும். பெண்களுக்கும் நிலமில்லாதவங்களுக்கும் அந்தக் குடத்தில் ஓலையே இல்லை. இன்னிக்கு 18 வயசானா போதும், பட்டன் உங்களுக்கும் உண்டு. ஜீவாவோட நாட்டில் அது யாருக்கும் கிடையாது.

அடுத்த தேர்தலுக்குள்ள ஜீனோவை ஒரு தடவை படிச்சிடுங்க. முடிச்சதும், ஜீவாவை மக்கள் ஏன் அவ்வளவு நாள் நம்பினாங்கன்னு நண்பர்களோட உட்கார்ந்து ஒரு சண்டை போடுங்க. அந்த நாவலுக்குச் செய்யக்கூடிய நல்ல மரியாதை அதுதான்.